பத்தடி பின்னால்

ஜனவரி 9

அன்புள்ள அளவுகோல் அண்ணாவுக்கு,

நானும் இவரும் சௌக்கியம். இவருக்கு மட்டும் சளி. வீடே அதிரும்படி இருமிக்கொண்டிருக்கிறார். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ செருப்பு வார் அறுந்துபோனதைச் சொல்வதுபோல, "வலது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாம்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தைய இரண்டு பக்கமும் மழையைப் பற்றி! அப்பா நமக்கு வேறு எதை விட்டுப் போனாரோ இல்லையோ, இந்த இடுப்பை இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பயப்படாதே. எனக்கு மாற்று மூட்டு வைத்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மறுநாளே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். எட்டாவது வாரம் பூங்கா வேலைக்குத் திரும்பிவிட்டேன். இன்று காலைகூட என் ஆட்களோடு நின்று நாற்பது குழி பார்த்து மரக்கன்று வைத்தேன். சம்மணம் போட முடியாது, தாழ்ந்த நாற்காலி ஆகாது, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் கருவியைத் தோளில் சுமந்து காடுமேடெல்லாம் அளந்தவன் நீ. உன்னை ஒரு நாற்காலியில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வராது. சீக்கிரம் செய்துகொள்.

உன் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. அண்ணியை இரண்டு வரி எழுதச் சொல்.

உன் வாயாடித் தங்கை

*

ஜனவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையை ஆவி பிடிக்கச் சொல்.

நீ சொன்னபடி அறுவை மருத்துவரைப் பார்த்தேன். வயசுப் பையன்தான், ஆனால் கெட்டிக்காரன். எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்து, "பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல சார். எப்படி நடக்கறீங்க?" என்றார். வலியோடுதான் என்றேன்.

நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தினம் நான்கு கிலோமீட்டர் நடக்க முடியுமா? மண் பாதையில்? ஏற்றத்தில்? மழையில்? திடீரென்று வேகமாக நடக்க வேண்டியிருந்தால்? அவர் சிரித்துவிட்டார். "சார், எல்லாரும் மாடி ஏற முடியுமான்னு கேப்பாங்க. நீங்க என்ன, பந்தயத்துக்கா போறீங்க?"

எல்லாம் முடியுமாம். ஆனால் என் எலும்பு மெலிந்திருப்பதால் ஆறு வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து பயிற்சி எடுக்க வேண்டுமாம். மேடு பள்ளமான பாதைக்கு மூன்று மாதம் ஆகுமாம். அறுவையை எத்தனை நாள் தள்ளலாம் என்று கேட்டேன். "நடக்கறதை நிறுத்தினா தள்ளலாம்" என்றார். அது ஆகாது. வெளியே நடப்பதை என்னால் நிறுத்த முடியாது.

பார்க்கலாம். தொலைபேசி ரிப்பேர்தான். நீ எழுது, அதுவே நல்லது. அண்ணி நலம். உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

*

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். அங்கே சுகம்தானா என்று நீ எழுதுவதை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மாதம் நடக்காமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? நீ நடக்கும் அந்த நீர்த்தேக்கக் கரையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? உன்னை யார் தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று கம்பெடுத்துத் துரத்துகிறார்கள்?

நான் வருகிறேன். எனக்கு விடுப்பு பாக்கி இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அண்ணிக்குத் துணையாக இருப்பேன். அண்ணிக்கு நான் வருவது பிடிக்காது என்பது தெரியும். எனக்கு அறுவை நடந்தபோதுகூட ஒரு வரி எழுதவில்லையே. இருந்தாலும் வருகிறேன். தேதியை மட்டும் எழுது.

தங்கை

*

மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாங்கள் நலம். மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் வலி குறைந்திருந்தது, பிறகு வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. அறுவைக்குக் கொடுத்திருந்த தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். நீ இப்போது வரவேண்டாம். வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை நடக்கிறது, சாமான்கள் எல்லாம் கூடத்தில் கிடக்கின்றன.

அண்ணிக்குக் கண்ணில் கொஞ்சம் தொந்தரவு. அதனால்தான் எழுதுவதில்லை. வேறொன்றும் நினைக்காதே.

கரையில் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து முதல் பாலம் அறுநூற்றுப் பத்து மீட்டர். இரண்டாவது பாலம் ஆயிரத்து நானூறு. அதைத் தாண்டினால் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. நகராட்சிக்கு மூன்று மனு போட்டுவிட்டேன். காற்று நன்றாக இருக்கும் நாளில் கடைசி மரம் வரை போய்த் திரும்புவேன். வேலையில் இருந்த காலத்தில் நிலத்தைப் பார்த்து நடந்தேன். இப்போதுதான் முன்னால் பார்த்து நடக்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

"திரும்புவேன்" என்பதற்கு முன்னால் நீ வேறொரு சொல்லை எழுதி அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "திரும்புவோம்." அண்ணியும் கூட வருகிறார்கள், இல்லையா? கண் தெரியாதவர்கள் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள், ஒரு கடிதம் எழுத மட்டும் முடியவில்லை!

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் கூடத்துத் திரைச்சீலையைப் பார்த்து "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு அண்ணி" என்று வாய் தவறிச் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருடம்! நான் உன் வீட்டில் கால் வைக்கக் கூடாது என்பதற்காக நீ உன் அறுவையைத் தள்ளிப்போடுகிறாய். அவர்களுக்கு உலாத்தத் துணை வேண்டும், அதற்காக நீ எலும்போடு எலும்பு உரசிக்கொண்டு நடக்கிறாய். கல்நெஞ்சுக்காரி என்று எழுத வருகிறது. எழுதிவிட்டேன்.

அறுவைக்குத் தேதி குறித்துவிட்டு எழுது. அதுவரை நான் எழுதுவதாக இல்லை.

தங்கை

*

ஜூன் 12

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கடித உறையைப் பார்த்து முகவரி எடுத்தேன். சாருக்குத் தெரியாது, தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சார் நீர்த்தேக்கக் கரையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் இனி அந்த மூட்டு ஓர் அடிகூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஜூலை முதல் வாரம் அறுவை.

உங்கள் அண்ணியம்மாவைப் பற்றி சார் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஞாபகம் போய் மூன்று வருடம் ஆகிறது. சாரையும் தெரியாது. தினமும் ஒன்பது மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வீடு இப்போது இல்லை. கதவைச் சாத்தினால் அழுகை, சுவரில் தலையை மோதிக்கொள்வார்கள். அதனால் சார் திறந்து விட்டுவிட்டு, பத்தடி பின்னால் நடந்து போவார். களைத்த பிறகு மெதுவாகப் பேசித் திருப்பிக் கூட்டி வருவார். வெயிலோ மழையோ, ஒரு நாளும் நின்றதில்லை. தொலைபேசி மணி அடித்தால் தன் தாயார் கூப்பிடுவதாக நினைத்துப் பதறுவார்கள் என்று மணியைத் துணி வைத்துக் கட்டிவிட்டார்.

அன்று சார் விழுந்ததும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடக் கூப்பிடப் போய்க்கொண்டே இருந்தார்களாம். மதியம் மூன்று மணிக்குக் கல்குவாரிச் சாலையில், ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கண்டுபிடித்தார்கள். இரண்டு காலிலும் செருப்பு இல்லை.

இப்போது பகலில் அம்மா என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தையல் சத்தம் பிடித்திருக்கிறது. ஆனால் சாரை அழைத்துப்போன பிறகு என்னால் தனியாகச் சமாளிக்க முடியாது. தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
அடுத்த வீட்டுத் தையல்காரி

*

ஜூன் 17

அண்ணா,

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். இவர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

ஏப்ரலில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

தங்கை

*

ஜூலை 3
ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி

அன்புள்ள தங்கைக்கு,

நாளைக் காலை அறுவை. நான் நலம். நீ வந்து இறங்கிய பத்து நாளில் நாம் இரண்டு பேரும் அடுப்பையும் மாத்திரையையும் தவிர வேறெதையும் பேசவில்லை. அதனால் இங்கிருந்து எழுதுகிறேன்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. தெரிந்தவர்களெல்லாம் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. குழந்தையிடம் பேசுவதுபோல் குனிந்து பேசுகிறார்கள். உன் கடிதத்தில் மட்டும்தான் அவள் இன்னும் வீம்பு பிடித்த அண்ணியாக இருந்தாள். அந்தத் திரைச்சீலைச் சண்டையை நான் நான்கு தடவை படித்தேன். கல்நெஞ்சுக்காரி என்று நீ எழுதியதைப் படித்து, பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

இனி முக்கியமானது. இத்தனை நாள் அவள் பின்னால் போய்வந்த தையல்காரம்மாவால் இனிக் கடையை விட்டு வர முடியாதாம், நீதான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு அவள் கைப்பையை எடுப்பாள். தடுக்காதே. கதவைத் திறந்து விடு. பத்தடி பின்னால் போ. பக்கத்தில் போனால் மிரளுவாள், தள்ளிப் போனால் உன்னால் பிடிக்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. முதல் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பாள். இரண்டாவது பாலத்தில் திரும்பி, "சார், இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பாள். நான் சாலை அளக்க வந்தவன் என்று நினைப்பு. "அரை கிலோமீட்டர்" என்று சொல். அரை என்றால்தான் நம்புவாள். கடைசி மரத்தில், "வழி இந்தப் பக்கம் மாத்திட்டாங்கம்மா" என்றால் திரும்பிவிடுவாள்.

அவளுக்கு மீதி இருப்பது அந்த நடை ஒன்றுதான். அது நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் திரும்பும் வரை காப்பாற்றிக் கொடு.

அண்ணன்

*

ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

அறுவை நல்லபடியாக முடிந்ததென்று தந்தி கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தாய். மறுநாளே நிற்க வைத்திருப்பார்களே? குனியாதே, காலைக் குறுக்கே போடாதே. படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வை.

இங்கே எல்லோரும் நலம். அண்ணி நன்றாகச் சாப்பிடுகிறார்கள். நடையும் நடக்கிறது. நீ எதையும் யோசிக்காதே. தையல்காரம்மா ரொம்ப ஒத்தாசை. வாசல் செடிகளைக் கத்தரித்துவிட்டேன், நீ அவற்றைக் காடாக வளர விட்டிருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம், நலத்துக்கும் மேலே. இன்று கைத்தடி மட்டும் வைத்துக்கொண்டு நடைபாதையில் நூற்றிருபது மீட்டர். வலி இல்லை! தையல் போட்ட இடம் இழுக்கிறதே தவிர, உள்ளே அந்தப் பழைய உரசல் இல்லை. அது நின்ற பிறகுதான் அத்தனை நாளாக எதோடு வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று தெரிகிறது.

பயிற்சி கொடுக்கிற பெண் கறாரானவள். சாய்தளத்தில் ஏறி இறங்கச் சொல்கிறாள். இரண்டாவது தடவை போதுமென்றாள், நான் ஆறு தடவை ஏறினேன். "யாரைப் பிடிக்கப் போறீங்க இவ்ளோ வேகமா?" என்று கேட்டாள். என் மனைவியை என்றேன். அவள் வெட்கப்பட்டுப் போய்விட்டாள், நான் ஏதோ சரசமாகச் சொல்கிறேன் என்று நினைத்து.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார். அவருக்கும் அதே மூட்டு. மறுபடி சாரம் ஏற முடியுமா என்பதே அவர் கவலை. இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நடந்த தூரத்தைச் சொல்லிப் பந்தயம் கட்டுகிறோம்.

நடை நடக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டாவது பாலத்தில் என்ன கேட்கிறாள் என்று எழுதவில்லையே. உன்னையும் சார் என்றா கூப்பிடுகிறாள்? இடிந்த சுவரைக் கட்டினார்களா? விவரமாக எழுது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 8

அண்ணா,

உன் கடிதத்தை ஐந்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

அண்ணியை நான் இரண்டே நாள்தான் வெளியே கூட்டிப் போனேன். முதல் நாள் முதல் பாலத்தோடு திரும்பிவிட்டோம். இரண்டாம் நாள் அவர்கள் கரைக்குப் போகாமல் பெரிய சாலைப் பக்கம் திரும்பினார்கள். என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எனக்கும் இது பொருத்திய இடுப்புதானே. ஒரு லாரி வந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர்கள் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. என் முகத்தைப் பார்த்து, "இவங்க யாரு? என்னை விடச் சொல்லுங்க" என்று எல்லோரிடமும் கெஞ்சினார்கள்.

அன்றைக்குக் கதவைப் பூட்டினேன். சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். நாளைக்குத் திறக்கலாம், நாளைக்குத் திறக்கலாம் என்று எனக்குத் தைரியம் வரவே இல்லை. தையல்காரம்மா சொன்ன மாதிரி தலையை மோதிக்கொள்வார்கள் என்று பயந்து சுவருக்கெல்லாம் மெத்தை வைத்தேன். மோதிக்கொள்ளவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். காலையிலிருந்து மதியம் வரை. ஒன்பது நாள். நடை நடக்கிறது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தபோதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருமுறை, "பஸ் இன்னும் வரலியாம்மா?" என்று கேட்டார்கள்.

பத்தாவது நாள் கதவுக்குப் போகவில்லை. படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பயந்துபோய்க் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். பார்க்கக்கூட இல்லை. மருத்துவர் வந்து பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லையாம். கால் நடப்பதை மறந்துவிட்டது, இந்த நோயில் அப்படித்தான், என்றைக்கோ ஒருநாள் வர வேண்டியதுதான் என்றார். அவர் என்னைத் தேற்றச் சொன்னார். பூட்டியது நான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். நான்தான் பூட்டினேன்.

தங்கை

*

அக்டோபர் 19

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? குளிர் ஆரம்பித்துவிட்டது, அவர் மார்பை மூடிக்கொள்ளச் சொல்.

உனக்கு எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்த அன்று நீ பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாய். "இருந்துவிட்டுப் போ" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அன்று வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரம் நீ ஸ்டேஷன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாய்.

கோபம் இருந்தது. இல்லையென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வருடத்தில் அந்தக் கதவைப் பூட்ட எனக்குத் தோன்றாத வாரம் கிடையாது. ஒருநாள், நல்ல காய்ச்சலில், பூட்டியும் விட்டேன். மதியத்தில்தான் திறந்தேன். அன்று என் அதிர்ஷ்டம், அவள் கால் மறுநாள் அவளை எழுப்பியது. உனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மருத்துவரிடம் போன வாரம் காட்டினேன். நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, உதவிக்கு நின்ற இரண்டு பயிற்சி மருத்துவர்களைக் கூப்பிட்டு, "பாருங்க, இவருக்கு எழுபத்தோரு வயசு" என்று காட்டினார். கைத்தடியைக்கூட விட்டுவிட்டேன். ஏற்றம், மண், மழை எல்லாம் முடிகிறது. என் தாளில் இருந்த அத்தனை கேள்விக்கும் ஆமாம்தான் பதில்.

சக்கர நாற்காலி வாங்கி அவளைக் கரைக்குத் தள்ளிப்போனேன். இரண்டு நாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது போவதாகவே தெரியவில்லை, யாரோ தன்னைத் தூக்கிப்போவதாகத்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது ஜன்னலோரம் உட்காரவைக்கிறேன். பேச்சு குறைந்துவிட்டது. போன மாதம் ஒருநாள் காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், அடுத்த தெருவில் பால் வாங்க. அவள் என்னைப் பார்த்து, "சார், நீங்க அந்தப் பக்கமாவா போறீங்க?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"எங்க வீடு அங்கதான். எங்கம்மாகிட்ட சொல்லிடறீங்களா, எனக்கு வர நேரமாகும்னு?"

சரியென்று கிளம்பினேன். பால் கடை வரை போய் நின்றேன். பிறகு என்னவோ, அப்படியே கரைக்கு நடந்தேன். முதல் பாலம், இரண்டாவது பாலம், கடைசி மரம். முன்னால் யாருமில்லாமல் அந்தப் பாதையை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு வேகத்தில் நடப்பதென்று தெரியவில்லை. பத்தடி தள்ளி ஒருத்தி நடந்தால்தான் எனக்கு நடை வரும்போலிருக்கிறது.

திரும்பி வந்ததும் கேட்டாள், "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவசரமில்ல, மெதுவா வரட்டும்னாங்க."

அன்று நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். பாதி வழியில் திரும்பி வந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லைதான். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கடைசி மரம் வரை போய்த்தான் வருகிறேன். தினமும் நான்கு கிலோமீட்டர்.

நேற்று கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிளம்பிப் போய்விட்டு வந்தேன்.

விடுப்பு கிடைத்தால் வா. உன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடக்கலாம். இரண்டு பேராகப் போனால் எனக்கு நன்றாக இருக்கும்.

அண்ணன்